எல்லையம்மன் கோயிலில் தொங்கும் விரல்

உங்கள் வலது கை ஆள்காட்டி விரலுக்குச் சட்டம் ஒரு மதிப்புப் போட்டு வைத்திருக்கிறது. அது உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. ஆனால் உங்கள் முதலாளிக்குத் தெரியும். தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்தது. அதன் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. கட்டைவிரல் போனால் உழைக்கும் சக்தியில் இத்தனை பங்கு போயிற்று, ஆள்காட்டி விரல் போனால் இத்தனை பங்கு என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் எந்தக் கோயிலில் எந்தக் கிழமை விளக்கேற்றினால் எந்த நோய் தீரும் என்று கேளுங்கள், பாவாடை கட்டிய சிறுமிகூடச் சொல்வாள். இந்த அட்டவணையைப் பற்றிக் கேளுங்கள், பி.ஏ. படித்தவர் விழிப்பார்.

தில்லையம்மாளுக்கும் அது தெரியாது. அவளுடைய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் உத்தமி என்று சொல்லப் போவதில்லை. தில்லையம்மாள் பொறாமைக்காரி. தெருவில் எவள் வீட்டுக்காவது புது எவர்சில்வர் குடம் வந்தால் இரண்டு நாளைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. எதிர்வீட்டுக்காரிக்குத் தலைமுடி நீளம் என்பதற்காகவே அவளோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவள். ஆனால் ஒன்று பாருங்கள். முனிரத்தினத்தின் அம்பாசிடர் காரைப் பார்த்து அவள் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. நம் ஊரில் பொறாமைகூட சொந்தத் தெருவுக்குள்தான் பெண் எடுக்கும். மாடிவீட்டுப் பக்கம் போகாது.

முனிரத்தினம் பட்டு நூல் முறுக்கும் ஷெட் வைத்திருந்தார். கரண்டில் ஓடும் மெஷின்கள். தறிக்குப் போகும் நூல் முதலில் அங்கே முறுக்கேற வேண்டும். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தில்லையம்மாளும் அவர்களில் ஒருத்தி. ஓடுகிற மெஷினில் இழை அறுந்தால் மெஷினை நிறுத்தாமலே பிணைக்க வேண்டும். நிறுத்தினால் கூலியில் பிடிப்பு. பெல்ட்டை மூடியிருந்த தகட்டைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள், கை சீக்கிரம் போய்வர வசதியாக. தில்லையம்மாளின் கணவர் நமச்சிவாயம் வீட்டில் தறி வைத்திருந்தார். பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய நூலை முனிரத்தினத்திடம்தான் வாங்கி நெய்தார். ஆக அந்த வீட்டில் அடுப்பெரிவது இரண்டு பக்கத்திலும் ஒரே மனிதர் தயவில்.

ஒரு புரட்டாசியில் அந்தப் பெல்ட் தில்லையம்மாளின் ஆள்காட்டி விரலை அடியோடு வாங்கிக்கொண்டது.

முதலாளி ஓடிவந்தார். ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தார். "கெட்ட நேரம்மா, உசுரு தப்பிச்சியே" என்றார். பிறகு எல்லையம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, வெள்ளியில் ஒரு விரல் செய்து, அதை ஒரு தகட்டில் பதித்து, மேளதாளத்தோடு கொண்டுபோய் மாட்டினார். நம்மவர்கள் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலே வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதில் பேர் எழுதுகிறவர்கள் ஆயிற்றே. அந்தத் தகட்டிலும் விரலுக்குக் கீழே "உபயம்: முனிரத்தினம் முறுக்காலை" என்று பொறித்திருந்தது. தில்லையம்மாளின் பேர் இல்லை. விரல் மட்டும்தானே அவளுடையது.

கட்டு அவிழ்த்ததும் அவளை மெஷினிலிருந்து எடுத்து, கழிவு நூல் பொறுக்குகிற வேலையில் உட்கார வைத்தார்கள். பாதிக் கூலி. அவள் அதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தாள். "என் வெரலு அம்மன்கிட்ட இருக்குதுடி. உங்க வெரலு எங்க இருக்குது? மூக்குல."

மூன்று வருடம் போயிற்று.

காஞ்சிபுரத்து நெசவாளர்கள் அமாவாசை அன்று தறியில் கை வைக்க மாட்டார்கள். தறிக்கும் ஓய்வு, ஆளுக்கும் ஓய்வு. மாதத்தில் ஒருநாள் உழைப்பாளிக்கு விடுமுறை என்ற அளவில் எனக்கு அந்த வழக்கத்தில் குறையில்லை. ஆனால் அதை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயத்தை அதோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்களே, அந்தப் பயம் யாருக்குப் பயன்பட்டது என்று பாருங்கள்.

தை மாத முகூர்த்தங்கள் நெருக்கின. நூலுக்கு அவசரம். முனிரத்தினம் அமாவாசை அன்று ஷெட்டின் முன்கதவைச் சாத்தி, இரண்டே பேரை மட்டும் பின்வாசல் வழியாக வரவழைத்தார். ஒருத்தி கலாவதி, இருபத்தைந்து வயது இருக்கும், கை வேகம் உள்ளவள். இன்னொருத்தி தில்லையம்மாள், ஆள் போதாததால் அன்று மட்டும் மெஷினுக்கு. முதலாளியின் வீட்டில் அதே நேரம் அமாவாசைத் தர்ப்பணம் நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு அதே பெல்ட் கலாவதியின் கையைப் பிடித்தது. இரண்டு விரல். தில்லையம்மாள்தான் பாய்ந்துபோய் மெயினை இறக்கினாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டவர், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். கலாவதியின் தங்கைக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. அமாவாசையில் வேலை செய்து விரலை இழந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அந்த வலியிலும் அவள் யோசித்துச் சொன்னாள்: "அருவாமனையில காய் நறுக்கறப்போ பட்டுடுச்சி சார்."

அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இந்த மூன்று வருடத்தில் ஊரில் ஒரு சங்கம் வந்திருந்தது. செயலாளர் குமாரவேல், சைக்கிள் கடை வைத்திருந்த இளைஞர். அவர் கலாவதியைப் பேசவைத்து உண்மையை வாங்கி, சட்டத்தைச் சொல்லி, மனு போட்டார். செய்தி தெருவில் பரவியது. கலாவதிக்குக் கவர்மெண்டு பணம் வாங்கித் தரப் போகிறது! ஆயிரமாம், இரண்டாயிரமாம், ஆளுக்கு ஒரு கணக்கு. கலாவதி வீட்டுக்கு ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். குழாயடியில் அவளுக்கு முதலில் குடம் வைக்க இடம் விட்டார்கள்.

தில்லையம்மாளுக்கு வயிறு எரிந்தது. சாதாரண எரிச்சல் இல்லை. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "ரெண்டு வெரலு போவறதுக்குக் கூட யோகம் வேணும்போல" என்று புருஷனிடம் சொல்லுகிற அளவுக்கு எரிந்தது. நமச்சிவாயம், "தூங்குடி" என்று புரண்டு படுத்தார்.

குமாரவேல் அவளிடமும் வந்தார்.

"அக்கா, நீங்க ஒருத்திதான் கூட இருந்தீங்க. மெட்ராசுல வெசாரணைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"என் வெரலு போனப்போ எங்கப்பா இருந்தே நீ?"

"அப்போ சங்கமே இல்லியேக்கா."

"எனக்குன்னா மட்டும் எல்லாமே இல்லாத காலமா இருக்குது. போ போ, நான் ஒண்ணியும் பாக்கல."

குமாரவேல் நல்லவர். ஆனால் அவரும் அன்று ஒரு தவறு செய்தார். அவளுடைய விரல் எப்போது போயிற்று, அதற்கு என்ன கிடைத்தது என்று கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது சாட்சி. எழுந்து போய்விட்டார்.

அடுத்து முனிரத்தினம் வந்தார். அவள் வீட்டு வாசலில் அவருடைய கார் நின்றது அதுவே முதல் தடவை. தெருவே எட்டிப் பார்த்தது. தில்லையம்மாள் வேண்டுமென்றே கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"தில்லம்மா, அமாவாசைக்கு நம்ம ஷெட்டு தொறந்து இருந்துதா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "அமாவாசைக்கு எவன் தொறப்பான் மொதலாளி?"

"அத்தத்தான் அங்க வந்து சொல்லணும். அப்பறம் நீ ஏம்மா கழிவுல ஒக்காந்துக்கினு? மெஷினுக்கே வந்துடு. முழுக் கூலி."

"கலாவுக்குக் கோர்ட்டுல எதுனா கெடைக்குமா?"

"நீ சொல்றதப் பொறுத்துதான்."

"எனக்கு ஒண்ணியும் குடுக்கலியே மொதலாளி?"

"உனக்கு அம்மனுக்கே வெள்ளி செஞ்சி போட்டேனே தாயி! அவளுக்குச் செஞ்சேனா?"

அந்த வார்த்தை அவளுக்கு இனித்தது. கலாவதிக்கு இல்லாத ஒன்று தனக்கு இருக்கிறது. போகும்போது முதலாளி வீட்டம்மா கொடுத்ததாக ஒரு மடித்த பட்டுப்புடவையும் வைத்துவிட்டுப் போனார்: மெட்ராசுக்குக் கட்டிக்கொண்டு வர, பிறகு திருப்பிக் கொடுக்க. வாழ்நாளெல்லாம் பட்டு நூலை முறுக்கியவள் கலியாணத்துக்குப் பிறகு பட்டு கட்டுவது அன்றுதான்.

விசாரணை நாளன்று அவள் காரில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். கார் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, "கொஞ்சம் மெதுவாப் போப்பா" என்றாள்.

"இன்னாத்துக்கும்மா?"

"குலுங்குது."

கலாவதி மெட்ராஸ் பஸ்ஸுக்காகக் குமாரவேலோடு நின்றுகொண்டிருந்தாள். காரில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் கையைத் தூக்கினாள். தூக்கியது அந்தக் கை. சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். தில்லையம்மாள் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்; ஆனால் அந்தப் பயணம் அவள் நினைத்த அளவுக்கு ருசிக்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

மெட்ராசில் தொழிலாளர் துறை அதிகாரியின் அறை. கோர்ட்டு மாதிரியே, ஆனால் கூண்டு இல்லை. முதலில் கலாவதியைக் கேட்டார்கள். முதலாளியின் வக்கீல் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினார்.

"அரிவாள்மனையில் பட்டது என்று நீயே சொல்லியிருக்கிறாய். பொய்யா?"

"பொய்தான் சார்."

"அப்போது பொய் சொன்னாய். இப்போது சொல்வது மட்டும் மெய்யா?"

"அமாவாசைக்கு மெஷினத் தொட்டேன்னு சொன்னா தங்கச்சி கலியாணம் நின்னுடும் சார்."

வக்கீல் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு வேண்டியதை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். "அமாவாசையில் இந்தச் சமூகத்தில் யாரும் வேலை செய்வதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஷெட் அன்று பூட்டியிருந்தது."

முனிரத்தினம் நெற்றி நிறைய விபூதியோடு நின்று சத்தியம் செய்தார். ஷெட் பூட்டியிருந்தது. பத்து வருடமாக நடத்துகிறார். இதுவரை ஒரு தொழிலாளிக்கும் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை.

பிறகு தில்லையம்மாளைக் கூப்பிட்டார்கள். சத்தியம் செய்யக் கையை நீட்டியபோது அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார்.

"விரல் என்னம்மா ஆயிற்று?"

அவள் வாய் திறப்பதற்குள் வக்கீல் எழுந்தார். "பிறவிக் குறை சார். கேசுக்குச் சம்பந்தமில்லை."

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையசைத்தார். "ஆமாங்க. பொறவிலயே அப்படித்தான்."

ஷெட் பூட்டியிருந்தது என்று சொல்லத்தான் தில்லையம்மாள் வந்திருந்தாள். சொல்லியிருப்பாள், அதை அவள் மறைக்கவில்லை. விரலுக்கு ஒன்றும் கிடைக்காததைக்கூட அவள் ஒரு மாதிரி பொறுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் விரலே இருந்ததில்லை என்றால்? கலாவதிக்காவது போன விரலைப் பற்றி வாதாட ஒரு வக்கீல், விசாரிக்க ஓர் அதிகாரி. தன் விரல் பிறக்கவே இல்லையாம்! அந்த ஒரு விரலை வைத்துத்தான் தெருவில் அவள் தலைநிமிர்ந்து நடந்தாள். அதையும் பிடுங்குகிறார்கள்.

"பொறவிலயா?" என்றாள். குரல் குழாயடிக் குரல். "எங்கம்மா என்னப் பெத்தப்போ நீ இன்னா, தொப்புள்கொடி அறுத்தியா மொதலாளி?"

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"பத்து வெரலோடதான் உன் ஷெட்டுக்கு வந்தேன். ஒண்ண உன் மெஷினு தின்னுது. எல்லையம்மன் கோயில்ல வெள்ளில செஞ்சி மாட்டினியே, அது யாரு வெரலு? உங்கப்பன் வெரலா? உன் பேரு போட்டுக்கினு தொங்குதே!"

"என்ன வெள்ளி விரல்?" என்று கேட்டார் அதிகாரி.

அவள் சொன்னாள். தகட்டில் என்ன பொறித்திருக்கிறது, எந்தத் தூணுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது, எல்லாம். வக்கீல் குறுக்கிட்டார், அதிகாரி அவரை உட்காரச் சொன்னார்.

"அமாவாசை அன்று ஷெட் திறந்திருந்ததா அம்மா?"

"முன்கதவு சாத்திக்கினு இருந்துது. உள்ள மெஷினு ஓடிக்கினு இருந்துது. நானும் இவளும்தான். பெல்ட்டு மூடற தகடு மூலையில கெடந்துது. இவ கத்தினா, நான் போயி மெயின இறக்கினேன்."

"இதைச் சங்கத்தார் கேட்டபோது ஏன் சொல்லவில்லை?"

தில்லையம்மாள் கலாவதியை ஒரு தடவை பார்த்தாள். "எனக்குக் கெடைக்காதது இவளுக்குக் கெடைக்குதேன்னு வயித்தெரிச்சல் சார்."

வக்கீல் குறுக்கு விசாரணை செய்து பார்த்தார். கலாவதி உன் சிநேகிதியா? இல்லை. அவள் பணத்தில் உனக்குப் பங்கு தருவதாகச் சொன்னாளா? "அவளா? அவ மொளகாகூட எண்ணிக் குடுப்பா." தன் பொறாமையைத் தானே எடுத்து மேசைமேல் வைத்துவிட்ட சாட்சியை எந்தச் சட்டப் புத்தகத்தைக் கொண்டும் மடக்க முடியவில்லை.

வெளியே வந்தபோது டிரைவர் தலையைச் சொறிந்தார். "மொதலாளி உன்ன ஏத்தவேணாம்னு சொல்லிட்டாரும்மா. பொடவய வாங்கிக்கினு வரச்சொன்னாரு."

"இங்கயே அவுத்துக் குடுக்கட்டுமா?"

டிரைவர் ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

பஸ்ஸில் கலாவதி அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். பூந்தமல்லி தாண்டும்போது கலாவதி கேட்டாள்.

"ஏன்க்கா சொன்னே?"

"உனக்காவ ஒண்ணும் சொல்லல. என் வெரலுக்காவ சொன்னேன். ரொம்ப ஒட்டிக்காதே, பொடவ கசங்குது."

கலாவதி ஒதுங்கி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "தங்கச்சி நிச்சயம் அவ்ளோதான்க்கா" என்றாள்.

"போனா போவுது. வேற எவனா வருவான்."

அந்த நிச்சயம் முறியவில்லை. அதிகாரி ஆள் அனுப்பிக் கோயில் தகட்டைப் பார்க்க வைத்தார், தீர்ப்பு கலாவதி பக்கம் வந்தது, பணமும் வந்தது. பணம் வந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் யாரோ ஒரு சாஸ்திரியைப் போய்க் கேட்டார்களாம். அமாவாசை விலக்கு தறிக்கு மட்டும்தான், கரண்டு மெஷினுக்குக் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டாராம். சாஸ்திரத்துக்கு எவ்வளவு நல்ல செவி பாருங்கள், ரூபாய் சத்தம் உடனே கேட்கிறது.

தில்லையம்மாளுக்கு என்ன கிடைத்தது என்று இப்போது கேட்பீர்கள். குமாரவேல் வெட்கப்பட்டு அவளுக்காகவும் ஒரு மனு எழுதிப் போட்டார். சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். அவள் விரல் போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. என்ன காரணம் என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாதுங்க" என்றாள். சட்டம் தெரியாதது தக்க காரணம் ஆகாதாம். தெரிந்துகொள்ள அவளுக்கு யார் வழி வைத்தார்கள்? அவள் படிக்க வேண்டிய வயதில் ராட்டையைக் கையில் கொடுத்தவர்கள் யார்? விரலுக்கு நஷ்ட ஈடு கேட்க வேண்டிய வாயில் கோயில் பிரசாதத்தை அடைத்தவர் யார்? அந்தக் கேள்விகளுக்கு அட்டவணையில் இடமில்லை. மனு தள்ளுபடி.

ஷெட் வேலை, சாட்சி சொன்ன அன்றே போயிற்று. நமச்சிவாயத்துக்கு முனிரத்தினம் பாவு கொடுப்பதை நிறுத்தினார். வேறொருவரிடம் குறைந்த கூலிக்கு நெய்கிறார். தில்லையம்மாள் அக்கம்பக்கத்துத் தறிகளுக்கு ராட்டையில் ஊடை நூல் சுற்றிக் கொடுக்கிறாள், ஒன்பது விரலால். கலாவதி நஷ்ட ஈட்டுப் பணத்தில் தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை போட்டிருக்கிறாள். தில்லையம்மாள் தினமும் அங்கே வெற்றிலை பாக்கு வாங்குகிறாள், காசு கொடுப்பதில்லை. கலாவதியும் கேட்பதில்லை.

"அவ கடையப் பாத்தா இன்னும் எரியுதா?" என்று கேட்டேன்.

"எரியாம? என் கடை அது. ரெண்டு வருசத்துல கேட்டிருந்தா நான் கல்லாவுல ஒக்காந்துக்கினு இருப்பேன், அவ என்கிட்ட கடன் கேப்பா" என்று சொல்லி வெற்றிலையைத் துப்பினாள். பிறகு, "அந்த வெள்ளி வெரலையாவது கழட்டிக் குடுக்கச் சொல்லுப்பா. வித்துட்டு ஒரு குடம் வாங்கறேன்" என்றாள்.

கோயிலார் அதைத் தரமாட்டார்கள். அது சாமி சொத்தாகிவிட்டது.

இதைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் முறுக்கு மெஷினிலோ அரிசி மில்லிலோ மரவாடியிலோ அடிபட்ட கை ஒன்று கட்டாயம் இருக்கும். இன்றைக்கே போய்க் கேளுங்கள்: எந்த வருடம், யார் இடத்தில், என்ன கிடைத்தது? ஆஸ்பத்திரியில் மானத்துக்குப் பயந்து பொய் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் கையோடு அழைத்துப்போய் மனு எழுதிக் கொடுங்கள். ஆகிவிட்டிருந்தாலும் எழுதிக் கொடுங்கள். மறுப்பவர்கள் எழுத்தில் மறுக்கட்டும். கோயிலுக்கு நேர்ந்துகொள்வது அப்புறம் இருக்கட்டும். முதலில் மனுவை எழுதுங்கள்.